திங்கட்கிழமை வந்து பேசறேன்

எங்க கம்பெனியில மெயில் வரலன்னா ஈஸ்வரி, மெயில் போவலன்னா ஈஸ்வரி, மவுஸ் செத்துப்போனாலும் ஈஸ்வரி, நான்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கம்பி உருட்டுற மில்லு அது. ஃபர்னஸ் பக்கம் நிக்கறவன் வெந்து சாவுறான், எனக்கு மட்டும் ஏசி ரூம்பாம், எல்லாருக்கும் வயித்தெரிச்சல். அடப்பாவிங்களா, அந்த ஏசி எனக்கில்ல, சர்வருக்கு. நான் போர்வ போத்திக்கினு ஒக்காந்திருப்பேன். சொன்னா எவன் நம்புறான்?

என்னாண்ட கோவப்படாம பேசற ஒரே ஆளு ஷேக் தாவூத் பாய். டெஸ்பாட்ச்ல இருந்தாரு. லோடு ஏத்தின லாரி எளாவூர் செக்போஸ்ட் தாண்டிச்சுன்னா பார்ட்டிக்கு மெயில் போடணும், அதான் அவரு வேல. பழவேற்காட்டுக்காரரு. தினம் அங்கேருந்து பொன்னேரி வழியா வண்டியில வருவாரு. என் ரூம்புக்குள்ள வரும்போது செருப்பக் கழட்டி வெளிய விட்டுட்டு வருவாரு. "இது இன்னா பாய், கோயிலா?"ன்னு கேட்டா, "தூசி வந்தா உன் மெஷினுக்கு ஆவாதுன்னு நீதானம்மா சத்தம் போட்ட"ன்னுவாரு. சத்தம் போட்டது உண்மைதான். அதக் கேட்டு நடந்தது அவரு ஒருத்தருதான்.

அவருக்கு ஒரே தம்பி, ஆஷிக். கப்பல்ல இன்ஜின் ரூம்புல வேல. கடல்ல இருக்கும்போது அந்தப் பையனுக்குத் தனி மெயில் ஐடி எல்லாம் கிடையாது. கேப்டன் கம்ப்யூட்டருக்குத்தான் மெயில் வரும், அவரு பிரிண்ட் போட்டு அவங்கவங்களாண்ட குடுப்பாராம். பாய் ஒரு நாளு தயங்கித் தயங்கி வந்து நின்னாரு. "கம்பெனி ஐடில தம்பிக்கு ரெண்டு வரி எழுதலாமா ஈஸ்வரிம்மா?" சட்டப்படி கூடாது. "எழுதுங்க பாய், எவன் கேக்கறான்னு பாக்கறேன்"னேன். அப்புறம் தினமும் வேல முடியற நேரத்துல தம்பிக்கு ஒரு மெயில். இறால் இன்னா வெல வித்துது, பொண்ணு சிஃபா ஸ்கூல்ல இன்னா பண்ணிச்சு, இவ்ளோதான் இருக்குமாம். அவரே சொல்லிச் சிரிப்பாரு.

ரெண்டாயிரத்து ஆறு, பக்ரீத்துக்கு மொத நாளு. பாய் வந்தாரு, மூஞ்சியில கவல. "நான் லீவுல போறேன்மா. பார்ட்டிங்க மெயில் போட்டுட்டு பதில் வரலன்னு பேஜாரு பண்ணுவாங்களே, இன்னா பண்றது?" ஆட்டோ ரிப்ளை போட்டுக் குடுத்தேன். யாரு மெயில் போட்டாலும் நீங்க எழுதி வச்சத சர்வரே பதிலா அனுப்பிடும், ஒரே ஆளு எத்தினி தடவ போட்டாலும் வாரத்துக்கு ஒரு பதில்தான் போவும், தொல்ல பண்ணாதுன்னு சொன்னேன். அவரு ஆச்சரியமாக் கேட்டுக்கினாரு, அப்பால ஒக்காந்து ஒரு விரலால தட்டுனாரு. நம்ம பேச்சுதான், இங்கிலீஷ் எழுத்துல:

"பெருநாளுக்கு ஊட்டுக்குப் போறேன். லோடு விஷயம் எதுனா இருந்தா வசந்தகுமாரக் கேளுங்க. திங்கட்கிழமை வந்து பேசறேன். தாவூத்."

"பாய், இது தானா நிக்காது. வந்த ஒடனே எங்கிட்ட சொல்லுங்க, நான் நிறுத்திடறேன்"னேன்.

"வந்ததும் மொத வேல அதான்மா"ன்னுட்டு செருப்ப மாட்டிக்கினு போனாரு.

திங்கட்கிழமை காலையில வந்துக்கினுதான் இருந்தாரு. கவரப்பேட்டையாண்ட லாரிக்காரன் அடிச்சிட்டுப் போயிட்டான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு மண்ட ஓடல. ஆட்டோ ரிப்ளை ஞாபகம் சுத்தமா இல்ல. பாய் ஊட்டுக்குப் போய் பாத்துட்டு வரணும், அது மட்டும்தான் மனசுல இருந்துச்சு. நானும் வசந்தகுமாரும் போனோம். வசந்தகுமாரு டெஸ்பாட்ச்ல பாய் பக்கத்து சீட்டு, பாய் கொண்டாற நாஷ்டாவுல பாதி அவனுக்குத்தான். ஆனா ஊட்டுக்குள்ள அவன விடல. பாய் சம்சாரம் மெஹர்னிசா இத்தாவுல இருந்தாங்க. புருஷன் போயிட்டா நாலு மாசம் பத்து நாளு வெளிய வரக்கூடாது, வெளி ஆம்பளைங்க முன்னாடி வரக்கூடாது, அது அவங்க மொற. அவன் தெருவுல நின்னான், நான் மட்டும் உள்ள போனேன்.

வெள்ளப் பொடவயில சுவரோரமா ஒக்காந்திருந்தாங்க. என்னப் பாத்ததும் அழுவல. கையப் புடிச்சி பக்கத்துல ஒக்கார வச்சாங்க.

"மெயில் எல்லாம் பாத்துக்கறது நீதானேம்மா?"

"ஆமாக்கா."

"ஆஷிக்குக்கு இன்னும் சொல்லல."

"இன்னாக்கா சொல்றீங்க, கூடப் பொறந்த அண்ணன்!"

"அவங்க வாப்பா மௌத்தானப்போ சாவு சேதிய ஒடனே சொன்னோம்மா. அப்ப அவன் நடுக்கடல்ல இருந்தான். எறங்கி வர வழியில்ல. சோறு திங்கல, தூங்கல, ஒரு நாளு கடல்ல குதிக்கன்னு கப்பல் கம்பி மேல ஏறிட்டான். கூட இருந்தவங்க இஸ்துப் போட்டாங்க. அப்புறம் ஷிஃப்ட் மாத்தி மாத்தி காவலு. இவருதான் தினம் ரெண்டு வரி எழுதி எழுதி அவன ஆளாக்குனாரு. இப்ப எழுதறதுக்கு இவரு இல்லியே." முந்தானைய இழுத்துப் போத்திக்கினாங்க. "கப்பல விட்டு எறங்க நாலஞ்சு மாசம் ஆவும். என் இத்தா முடியற நேரம்தான். இந்த ஊட்டுக்கு வரட்டும், நான் என் வாயால சொல்லிக்கறேன். அதுவரைக்கும் அவன் மெயில் போட்டா, அப்படி ஒரு ஆளு இல்லன்னு உங்க மெஷின் திருப்பிடக் கூடாது. அது மட்டும் பண்ணும்மா."

"போன் பண்ணா இன்னாக்கா சொல்லுவீங்க?"

"லோடு கூட கல்கத்தா பக்கம் போயிருக்காருன்னு சொல்லுவேன். பொய்யின்னு தெரியும். அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன்."

சரின்னுட்டு வந்தேன். வேற இன்னா சொல்றது? உயிரோட இருக்கறவன காப்பாத்தக் கேக்கறாங்க.

ஆபீசுக்கு வந்து பாய் மெயில் பாக்ஸ தொறந்தப்பதான் அது கண்ணுல பட்டுச்சு. ஆட்டோ ரிப்ளை இன்னும் ஓடிக்கினு இருக்கு. ஆஷிக்கோட மெயில்ங்க வரிசையா, படிக்காம, கறுப்பு எழுத்துல. நான் ஒண்ணயும் தொறக்கல, அது அண்ணன் தம்பி சமாச்சாரம். ஆனா அந்தப் பக்கம் பாய் போனப்புறமும் பதில் போயிருக்கு. பொதச்சி மண்ணு காயல, மனுஷன் திங்கட்கிழமை வந்து பேசறேங்கறாரு. தூக்கிடலாம்னு மவுஸ்ல கைய வச்சேன். அப்பால மெஹர்னிசாக்காவுக்குப் போன போட்டேன்.

"இப்படி ஒண்ணு போய்க்கினு இருக்குக்கா. நிறுத்தவா?"

"அவரு எழுதுனதா அது?"

"அவரு கையால தட்டுனது. வந்ததும் எங்கிட்ட சொல்லணும், அப்பதான் நிறுத்துவேன்னு சொல்லியிருந்தேன்க்கா."

"போவட்டும்மா. ஒண்ணுமே வரலன்னா அவன் பயந்துடுவான்."

விட்டுட்டேன். நல்லதுதான் பண்றோம்னு நெனச்சேன். இப்பவும் அது கெடுதல்னு சொல்ல எனக்கு வாய் வரல.

மாசி மாசம் போல வசந்தகுமாரு என் ரூம்புக்கு ஓடி வந்தான். செருப்போட வந்துட்டான், திட்டலாம்னு வாயத் தொறந்தேன், அவன் மூஞ்சியப் பாத்து மூடிக்கினேன். கையில ஒரு பிரிண்ட்.

"ஆஷிக் எனக்கு மெயில் போட்டிருக்கான் ஈஸ்வரிக்கா. 'லீவுல போயிருக்கேன், வசந்தகுமாரக் கேளுங்கன்னு அண்ணன் பதில் வருது. அதான் உங்களக் கேக்கறேன். அண்ணன் எப்ப வருவாரு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?' இன்னாக்கா சொல்றது நான்?"

பாருங்க, நாங்க யாருமே யோசிக்கல. பாய் எழுதுனதுல அவன் பேருதான் இருக்கு, அவனத்தான் கேக்கச் சொல்லியிருக்காரு. அந்தப் புள்ள அண்ணன் சொன்னபடி கேக்குது.

"என் பேர எடுத்துடுக்கா அதுலருந்து"ன்னான். அழுதுடுவான் போல இருந்துச்சு.

"மாட்டேன்டா. பாய் எழுதுனதுல நான் கை வைக்க மாட்டேன். ஒரு எழுத்து மாத்துனாலும் அது என் பொய்யி ஆயிடும்."

"அப்ப என்னிய பொய்யி சொல்லச் சொல்றியா?"

அவன் சீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் கம்ப்யூட்டரயே பாத்துக்கினு ஒக்காந்திருந்தான். டெஸ்பாட்ச்ல எந்தப் பார்ட்டி கேட்டாலும் இவனுங்க போடற ஒரு வரி இருக்கு: உங்கள் செய்தி கிடைத்தது, உரியவரிடம் தெரிவிக்கிறோம். கடைசியில அதையே தட்டி அனுப்பிட்டான்.

மறுநாளு அவன் வேலைக்கு வரல. அதுக்கு மறுநாளு வந்தவன கேட்டேன். பழவேற்காட்டுக்குப் போயிருக்கான். பாய பொதச்ச கபர் எதுன்னு விசாரிச்சி, அங்க நின்னு, "பாய், தம்பி கேட்டான், எப்ப வருவீங்கன்னு"ன்னு சொல்லிட்டு வந்திருக்கான்.

"பைத்தியமாடா நீ?"ன்னேன்.

"தெரிவிக்கிறோம்னு எழுதிட்டேன்ல"ன்னான். நான் திரும்பி சர்வரப் பாத்துக்கினேன். அவன் எதிர அழுவறது எனக்குப் புடிக்கல.

வருஷக் கணக்கு முடிஞ்சதும் ஹெட் ஆபீசுலருந்து ஆடிட்காரங்க வந்தாங்க. வந்ததும் மெயில் சர்வருக்கு ஒரு சட்டம் போட்டாங்க. உள்ள வர்ற மெயில், வெளிய போற மெயில் எல்லாத்துக்கும் மொதலருந்தே ஒரு காப்பி ஆர்க்கைவ்ல விழும், தனி டிஸ்க்குல. அது நெரம்பி வழியுது. அதனால கம்பெனிய விட்டுப் போனவங்க ஐடி மூணு மாசத்துல தானா மூடிக்கணும், ஆர்க்கைவ்ல அவங்க காப்பியும் தானா அழியணும். செட்டிங் மாத்தி வச்சிட்டு ரிப்போர்ட் குடுன்னு ஆர்டரு.

விட்டுப் போனவங்க லிஸ்ட்டு ஹெச்.ஆர்.லருந்து வந்துச்சு. வேற கம்பெனிக்குத் தாவுனவன், மேனேஜரோட சண்ட போட்டுட்டுப் போனவன், அவனுங்களுக்கு நடுவுல ஷேக் தாவூத். கணக்குப் பாத்தா அவரு மூணு மாசம் அந்த வாரமே முடியுது. மூடிடுச்சுன்னா, அடுத்த தடவ ஆஷிக் மெயில் போட்டா அப்படி ஒரு ஆளு இல்லன்னு சர்வர் திருப்பி அனுப்பும். மெஹர்னிசாக்கா எது ஆவக்கூடாதுன்னாங்களோ அதேதான். அதையும் மொதல்ல படிக்கப்போறது யாரோ ஒரு கேப்டன்.

என் மேனேஜர் ஆதிகேசவன் சார் ரூம்புக்குப் போனேன். கதவத் தட்டுனேனான்னு ஞாபகமில்ல.

"பாய் ஐடிய மட்டும் விட்டுடலாம் சார். ஆர்க்கைவும் சேத்து. இத்தா முடியற வரைக்கும், தம்பிக்கு இன்னும் விஷயம் தெரியாது."

"இன்னாம்மா வெளையாடறியா? போன வருஷம் வேலய விட்டுப் போனவன் ஐடிலருந்து எவனோ பார்ட்டிக்கு ரேட்டு போட்டு அனுப்பி இன்னா கூத்தாச்சு? அதுக்காகத்தானே இந்தச் சட்டமே."

"பாஸ்வேர்ட் என்னாண்ட இருக்கு சார். வேற யாரு தொட முடியும்?"

"செத்துப்போனவரு ஐடி உயிரோட இருக்குன்னு ஆடிட்காரன் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"அவரு தம்பி உயிரோட இருக்கணும்னு சொல்லுங்க."

குரல் ஒசந்துடுச்சு. வெளிய டைப் அடிக்கற சத்தம் நின்னுச்சு. சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. பொன்னேரி ஆஸ்பத்திரியில பாய் ஒடம்ப அடையாளம் காட்டுனது அவருதான், அது எனக்கும் தெரியும். கம்பெனி விதிவிலக்கு ஃபாரம் ஒண்ண எடுத்து என் முன்னாடி தள்ளுனாரு. காரணம்னு ஒரு கட்டம். அதுல "தம்பி கப்பல்ல இருக்காரு"ன்னு எழுதுனேன். சார் படிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு.

அந்த வாரம் சட்டம் ஓடிச்சு. விட்டுப் போனவங்க அத்தினி பேரும் சர்வருலருந்து சுத்தமாப் போயிட்டாங்க. பாய் மட்டும் இருந்தாரு. வாரத்துக்கு ஒரு தடவ, திங்கட்கிழமை வந்து பேசறேன்.

கத்திரி வெயில்ல மெஹர்னிசாக்காவோட இத்தா முடிஞ்சுது. கொஞ்ச நாள்லயே ஆஷிக் சென்னையில வந்து எறங்கி நேரா ஊட்டுக்குப் போயிட்டான். அவங்க நெனச்ச மாதிரியே, அவங்க வாயால, ஊட்டுக்குள்ள வச்சி சொல்லிட்டாங்க. போன்ல எனக்குச் சொன்னப்போ குரல் தேறி இருந்துச்சு. "அழுதான்மா. நல்லா அழுதான். நான் புடிச்சிக்கினேன்"னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. காரியம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு அன்னிக்கி நிம்மதியாச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் செக்யூரிட்டி போன் பண்ணான். தாவூத் பாய் தம்பி வந்திருக்காருன்னான். வரச் சொன்னேன். ஆளு பாய் மாதிரியேதான், தாடி மட்டும் கம்மி. என் ரூம்பு வாசல்ல நின்னு செருப்பக் கழட்டினான். யாரு சொன்னாங்கன்னு கேக்கல நான். அண்ணன் எழுதியிருப்பாரு.

"ஒக்காருப்பா"ன்னேன்.

ஒக்காரல. சட்டக்குள்ளருந்து ஒரு கட்டுப் பேப்பரு எடுத்தான். மடிச்சி மடிச்சி ஓரமெல்லாம் கிழிஞ்சி, இன்ஜின் ஆயில் கற. ஒண்ணொண்ணா என் டேபிள் மேல பிரிச்சி வச்சான். கீபோர்டு மேல, டெலிபோன் மேல, எடம் இல்லாம சர்வர் மேலயும். எல்லாத்துலயும் ஒரே வரிதான். பெருநாளுக்கு ஊட்டுக்குப் போறேன். வசந்தகுமாரக் கேளுங்க. திங்கட்கிழமை வந்து பேசறேன்.

"வாரா வாரம் கேப்டன் கூப்பிட்டுக் குடுப்பாருக்கா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நாளைக்கி அண்ணன் பேசுவாருன்னு படுப்பேன்." குரல் ஒசத்தல. "இதுல எதுக்கா அண்ணன் இருந்தப்போ வந்தது? எதுலருந்து அவரு இல்ல? அத மட்டும் சொல்லிடுங்க."

நான் அந்தப் பேப்பருங்களப் பாத்தேன். அய்யோ, நான் எத்தன தடவ இத நல்லதுன்னு நெனச்சேன். அவன பயப்படாம வச்சிருக்கேன்னு நெனச்சேன். அவன் ஒவ்வொரு வாரமும் காத்துக்கினு படுத்திருக்கான்.

தேதியப் பாத்தேன். ஒவ்வொண்ணாத் தேடுனேன், திருப்பித் திருப்பித் தேடுனேன். அத்தினியும் அந்தத் திங்கட்கிழமைக்கு அப்பால போனது. அவன்கிட்ட எப்படிச் சொல்றது?

"மொத மொதல்ல ஒண்ணு வந்திருக்கணுமே, அது எங்கப்பா?"

"பெருநாள் அன்னிக்கி ஈத் முபாரக் போட்டேன். அதுக்கு வந்துச்சு. அண்ணன் லீவு மஜாவுல இருக்காருன்னு சிரிச்சிக்கினே கசக்கிப் போட்டுட்டேன். இதெல்லாம் அப்புறம் வந்தது. பயம் வந்தப்புறம்தான் எடுத்து வைக்க ஆரம்பிச்சேன்."

சொல்லி முடிக்கறதுக்குள்ள, கசக்கிப் போட்டது எதுன்னு அவனுக்கே புரிஞ்சிடுச்சு. டேபிள் ஓரத்தப் புடிச்சிக்கினான்.

"இருப்பா"ன்னேன். "இரு, இரு." ஆர்க்கைவத் தொறந்தேன். பாஸ்வேர்ட் தப்பாப் போச்சு, மறுபடி தட்டுனேன். விதிவிலக்கு ஃபாரம் இல்லன்னா அது சித்திரையிலயே அழிஞ்சிருக்கும். பக்ரீத் தேதி போட்டுத் தேடுனேன். இருந்துச்சு. தாவூத்கிட்டருந்து ஆஷிக்குக்கு, பெருநாள் அன்னிக்கி.

பிரிண்ட் போட்டேன். அந்தப் பழைய பிரிண்டரு கீச்சுக் கீச்சுன்னு ஒவ்வொரு வரியா தள்ளுச்சு. நாங்க ரெண்டு பேரும் அதயே பாத்துக்கினு நின்னோம்.

"இது போவும்போது அண்ணன் இருந்தாரா?"

"இருந்தாருப்பா. உங்க ஊட்டுலதான் இருந்தாரு. கறி பங்கு போட்டுக் குடுத்துக்கினு இருந்திருப்பாரு."

வாங்கிப் படிச்சான். டேபிள் முழுக்க இருக்கற அதே வரிதான், ஒரு எழுத்து கூட மாத்தமில்ல. ஆனா அவன் அத இப்பத்தான் மொத தடவ பாக்கற மாதிரி விரல வச்சி வச்சிப் படிச்சான். படிச்சிட்டு நாலா மடிச்சி சட்டப் பையில வச்சிக்கினான். மீதிப் பேப்பருங்கள அவன் எடுக்கல.

"இதெல்லாம்?"னு கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா. இது நீங்க அனுப்புனது."

கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு எதுனா சொல்லியிருப்பேன், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அவன் சாதாரணமாத்தான் சொன்னான், எது யாரோடதுன்னு பிரிச்சிக் குடுக்கற மாதிரி. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினான்.

"அண்ணன் வந்ததும் சொல்லணும்னு சொல்லியிருந்தீங்களாமே, அண்ணி சொன்னாங்க. நிறுத்திடுங்கக்கா."

செருப்ப மாட்டிக்கினு போனான். டெஸ்பாட்ச் வாசல்ல வசந்தகுமாரு எழுந்து நிக்கறது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கினாங்க.

நான் சர்வர் மேல இருந்த பேப்பருங்கள எடுத்துட்டு, பாய் ஐடியத் தொறந்து, ஆட்டோ ரிப்ளைய நிறுத்துனேன்.